சொசைட்டிச் சீட்டும் சினை ஊசிக் குச்சியும்: பாலின் அளவையும் தரத்தையும் மரபில் படிப்பது எப்படி

கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் ஆவினுக்கோ பாண்லேவுக்கோ பால் ஊற்றும் வீட்டில் மூன்று எண்களைச் சுற்றித்தான் பேச்சு நடக்கும்: லிட்டர், ஃபேட் (கொழுப்புச் சதவீதம்), எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலாக மற்ற திடப்பொருளின் சதவீதம்). ஃபேட் 3.1 என்று இறங்கினால் பிண்ணாக்கை மாற்றுவார்கள், மெஷினைத் திட்டுவார்கள், மாடு அடுத்த பருவத்துக்கு வந்ததும் "நல்ல ஊசியா போடுங்க சார்" என்பார்கள். சினை ஊசி என்பது காளையின் உறைவிந்தை அடைத்த சிறு குச்சியால் போடுவது; அதில் நல்ல ஊசி என்று பொதுவாக ஒன்று கிடையாது. லிட்டரைக் கூட்டும் காளை உண்டு, ஃபேட்டைக் கூட்டும் காளை உண்டு. இரண்டையும் ஒருசேரத் தூக்கும் காளை அரிது. உங்கள் மாட்டுக்கு எது குறை என்று தெரியாமல் குச்சியைப் போட்டால், தவறு வெளியே தெரிய மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். சினை 9 மாதம். பிறந்த கிடாரி நன்றாக வளர்ந்தால்கூடத் தலை ஈத்துக்கு 30 மாதம். ஆகவே குச்சிக்கு முன்னால் நோட்டு, நோட்டுக்கு முன்னால் கறவை. அந்த வரிசையில்தான் போக வேண்டும்.

மரபின் பங்கு எவ்வளவு

ஒரே கொட்டகையில் ஒரே தீவனம் தின்னும் பத்து மாடுகள் பத்து விதமாகக் கறக்கின்றன. அந்த வேற்றுமையில் எவ்வளவு தாய் தகப்பனிடமிருந்து வந்தது என்பதைத்தான் மரபுத்திறன் என்கிறோம். மொத்தப் பாலில் இத்தனை பங்கு மரபு என்று அதைப் புரிந்துகொள்ளக் கூடாது. மாட்டுக்கு மாடு உள்ள வித்தியாசத்தில் இத்தனை பங்கு என்று பொருள். கறவை மாடுகளில் பால் அளவுக்கு இது 25 முதல் 35 சதவீதம். கொழுப்புச் சதவீதத்துக்கும் புரதச் சதவீதத்துக்கும் சுமார் 50 சதவீதம். மடி நோய் எதிர்ப்பைக் காட்டும், பாலில் உள்ள செல் எண்ணிக்கைக்கு 10 சதவீதம் அளவில். சினை பிடிக்கும் தன்மைக்கு 5 சதவீதம்கூட இல்லை.

இந்த எண்களைக் கொட்டகைக்குக் கொண்டு வந்தால் இரண்டு விஷயம் தெரியும். மாடு நாலு தடவை ஊசி போட்டும் நிற்கவில்லை என்றால் பரம்பரையைக் குறை சொல்லிப் பயனில்லை. பருவம் பார்த்த நேரம், தாது உப்பு, கருப்பைப் புண் என்று தேட வேண்டும். ஆனால் தீவனம் சரியாக இருந்தும் ஒரு மாட்டின் ஃபேட் ஈத்துக்கு ஈத்து 3.3-லேயே நிற்கிறது என்றால் அது பெரும்பாலும் அவளுடைய பிறப்பு. அதைப் பருத்திக்கொட்டையால் 4.5 ஆக்க முடியாது. அவளுடைய மகளில் மாற்றலாம்.

லிட்டரும் ஃபேட்டும் ஏன் எதிரெதிராக இழுக்கின்றன? பாலின் நீரை மடிக்குள் இழுப்பது லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை. எவ்வளவு லாக்டோஸ் சுரக்கிறதோ அவ்வளவு நீர் கூடவே வரும்; அதனால்தான் எந்த மாட்டிலும் லாக்டோஸ் 4.5 முதல் 5 சதவீதத்துக்குள் நின்றுவிடுகிறது. லாக்டோஸ் அதிகம் சுரக்கும் மரபுள்ள மாடு லிட்டர் அதிகம் கறக்கும். கொழுப்பும் புரதமும் அதே வேகத்தில் கூடாவிட்டால் சதவீதம் நீர்த்துப் போகும். சொசைட்டியில் "தண்ணிப் பால்" என்று முகம் சுளிக்கும் பாலில் பலமுறை யாரும் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள்.

இதற்காக லிட்டர் மாட்டை ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் கூடாது. 12 கிலோ பால், 3.4 ஃபேட் என்றால் கொழுப்பு 408 கிராம். 9 கிலோ பால், 4.6 ஃபேட் என்றால் 414 கிராம். கொழுப்பில் இரண்டும் சமம். எஸ்.என்.எஃப். முதல் மாட்டுக்கு 8.2, இரண்டாவதற்கு 8.8 என்று வையுங்கள்: 984 கிராம், 792 கிராம். மொத்தத் திடப்பொருளில் முதல் மாடுதான் முன்னே நிற்கிறது. ஆனால் பசும்பாலுக்கு உணவுப் பாதுகாப்புத் தரம் ஃபேட் 3.2, எஸ்.என்.எஃப். 8.3. 8.2 என்பது அந்தக் கோட்டுக்குக் கீழே. விலை வெட்டப்பட்டால் கூடுதலாகக் கறந்த 3 கிலோவின் லாபம் அங்கேயே போய்விடும். உங்கள் சொசைட்டியின் விலைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கை முதலில் போடுங்கள். கோட்டுக்குக் கீழே இருப்பவர் சதவீதத்தைத் தேட வேண்டும். கோட்டைத் தாண்டி வசதியாக இருப்பவர் லிட்டரைத் தேடலாம்.

மரபைக் குறை சொல்வதற்கு முன்

குறைந்த ஃபேட்டுக்கு நம் பக்கத்தில் மிகச் சாதாரணமான காரணம் கன்றுக்குட்டி. கறக்கத் தொடங்கும்போது வரும் பாலில் கொழுப்பு 1 முதல் 2 சதவீதம்தான் இருக்கும். கடைசியாக ஒட்டக் கறக்கும் பாலில் 8-க்கு மேல்கூடப் போகும். கேனுக்குக் கறந்துவிட்டு, மீதிக் கடைப்பாலைக் கன்று குடிக்கட்டும் என்று அவிழ்த்துவிடும் வீட்டில் கொழுப்பு கன்றின் வயிற்றுக்குப் போகிறது, சொசைட்டிக்கு முன்பால் போகிறது. சுரப்பு விட ஒரு நிமிஷம் கன்றை ஊட்டவிட்டு, தாயின் முகத்துக்கு நேரே கட்டிவிட்டு, மடி வற்றக் கறந்து, கன்றுக்கு உரியதை அளந்து கொடுத்தால் ஒரே நாளில் ஃபேட் ஏறும். மரபும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்.

அடுத்து கறவை இடைவெளி. காலை 5 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் கறந்தால் இரவு இடைவெளி 14 மணி நேரம். காலைப் பால் அதிகம், ஃபேட் குறைவு. பிற்பகல் பால் அதற்கு நேர் எதிர். காலைச் சீட்டை மட்டும் பார்த்து மாட்டை எடைபோடக் கூடாது.

மூன்றாவது நார்ச்சத்து. பால் கொழுப்பில் ஏறக்குறைய பாதி, வயிற்றில் நார் நொதிக்கும்போது உண்டாகும் அசிட்டிக் அமிலம் போன்றவற்றிலிருந்து மடியிலேயே தயாராகிறது. தவிடும் மாவும் அதிகமாகி, வைக்கோலும் பசுந்தீவனமும் குறைந்தால் ஃபேட் இறங்கும். எஸ்.என்.எஃப். இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் எரிசக்திக் குறைவு. வெறும் வைக்கோலில் ஓடும் மாடுகளில் இதைப் பார்க்கலாம். நெல்லிக்குப்பம் பக்கம் அரவைக் காலத்தில் கரும்புத் தோகை மலிவாகக் கிடைக்கிறது என்று அதையே முழுத் தீவனமாக்குகிறார்கள். தோகையில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவிடும். தாது உப்புக் கலவையும் கொஞ்சம் கோ-4 போன்ற பசும்புல்லும் சேர்க்காமல் தோகை மட்டும் போட்டால், மரபு நன்றாக உள்ள மாடும் மோசமான மாடுபோலத் தெரியும். மடி நோய் வெளியே தெரியாமல் இருந்தாலும் லாக்டோஸ் குறைந்து எஸ்.என்.எஃப். விழும்.

ஏமாற்றும் உயர்வும் உண்டு. கன்று ஈன்ற முதல் மாதம் மாடு உடம்புக் கொழுப்பைக் கரைத்துப் பாலில் விடும். ஃபேட் 5.5 காட்டும், விலா எலும்பும் தெரியும். இது மரபு இல்லை, பசி. ஃபேட்டைப் புரதத்தால் வகுத்து 1.5-க்கு மேல் வந்தால் சந்தேகப்படுங்கள். கறவை வற்றும் காலத்திலும் பால் சுருங்கி ஃபேட் ஏறும். ஆகவே மாட்டுக்கு மாடு ஃபேட்டை ஒப்பிட ஏற்ற காலம் ஈன்ற 60-ஆம் நாளிலிருந்து 180-ஆம் நாள் வரை. சந்தையில் "ஃபேட் அஞ்சு வரும்" என்று தரகர் சொன்னால், ஈன்று எத்தனை நாள் என்று திருப்பிக் கேளுங்கள்.

மாதம் ஒரு நாள், இரண்டு வேளை

தினமும் எழுத வேண்டியதில்லை. மாதத்தில் ஒரே தேதி, அன்று காலையும் மாலையும். தேவையானவை: கொக்கித் தராசு ஒன்று, வாளி, மூடியுள்ள 100 மில்லி பாட்டில்கள், நோட்டு. லிட்டர் குவளையால் அளக்காதீர்கள். நுரையையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள். எடை போடுங்கள்.

வாளிப் பாலை இரண்டு பாத்திரங்களுக்கு இடையே மூன்று முறை ஆற்றிக் கலந்த பிறகுதான் மாதிரி எடுக்க வேண்டும். மேலோடு மொண்டால் கொழுப்பு அதிகம் வரும். மாதிரி அந்தந்த வேளைப் பாலின் விகிதத்தில் இருக்கட்டும்: காலை 6 கிலோ, மாலை 4 கிலோ என்றால் காலைப் பாலில் 60 மில்லி, மாலைப் பாலில் 40 மில்லி. காலை மாதிரியைக் குளிர்பெட்டியில் வைத்திருந்து மாலை மாதிரியை அதே பாட்டிலில் சேருங்கள். மறுநாள் சொசைட்டியில் கேட்டு மெஷினில் போட்டுப் பாருங்கள். போடுமுன் வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைத்து, ஒட்டிய ஏடு கரையும்வரை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். குலுக்கினால் வெண்ணெய் திரளும், மெஷின் பொய் சொல்லும்.

நோட்டில் ஒரு மாட்டுக்கு ஒரு பக்கம். மேலே காது வில்லையின் 12 இலக்க எண், தாயின் எண், தகப்பன் காளையின் எண், ஈன்ற தேதி, எத்தனையாவது ஈத்து. கீழே மாதந்தோறும் எடை, ஃபேட், எஸ்.என்.எஃப். பத்து மாதம் முடிந்ததும் பத்து எடைகளையும் கூட்டி 30.5-ஆல் பெருக்கினால் 305 நாள் பால் கிடைக்கும். உதாரணமாக 9, 12, 11.5, 10.5, 10, 9, 8, 7, 6, 5 என்று கறந்த மாட்டுக்குக் கூட்டல் 88. 305 நாள் பால் 2,684 கிலோ. ஃபேட்டுக்கு வெறும் சராசரி எடுக்கக் கூடாது. ஒவ்வொரு மாதமும் எடையை ஃபேட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுக்க வேண்டும். வற்றும் கால உயர்ந்த ஃபேட்டும் உச்சக் கறவையின் ஃபேட்டும் ஒரே எடை பெறக் கூடாது அல்லவா.

"உச்சத்தில் 15 லிட்டர்" என்று சொல்லித்தான் மாடு விற்கிறார்கள். உச்சத்தைவிட, உச்சத்துக்குப் பிறகு எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்பதில் பணம் இருக்கிறது. மாதம் 7, 8 சதவீதம் இறங்கும் மாடும் 15 சதவீதம் இறங்கும் மாடும் ஒரே உச்சத்தில் தொடங்கினாலும் ஈத்து முடிவில் மலையும் மடுவும். நோட்டு இருந்தால்தான் இது கண்ணில் படும்.

ஒப்பிடும்போது கூட்டாளியைச் சரியாகப் பிடியுங்கள். தலை ஈத்து மாடு, முழு வளர்ச்சி பெற்ற மாட்டில் 70 முதல் 75 சதவீதம்தான் கறக்கும். தலை ஈத்தைத் தலை ஈத்தோடும், மூன்றாம் ஈத்தை மூன்றாம் ஈத்தோடும் வைக்க வேண்டும். கார்த்திகை மழைச் சேற்றில் ஈன்றதையும், தை மாதத்தில் ஈன்றதையும், அக்னி நட்சத்திரத்தில் ஈன்றதையும் ஒரே தட்டில் நிறுத்தக் கூடாது. இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு ஒப்பிட ஆள் இருக்காது. தெருவில் நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரே தேதியில் எழுதினால்தான் இது நடக்கும். பக்கத்து வீட்டுத் தீவனம் வேறு என்றால் அந்த ஒப்பீட்டையும் பாதி நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு எவ்வளவு இறங்கும்

கூட்டாளி மாடுகளின் சராசரி 2,400 கிலோ; உங்கள் லட்சுமி ஒரு ஈத்தில் 3,400 கறந்தாள். 1,000 கிலோ கூடுதல். இதில் எவ்வளவு அவளுடைய மரபு? பால் அளவின் மரபுத்திறனை 0.25 என்று கொண்டால் 250 கிலோ. மகளுக்குப் போவது அதில் பாதி, 125 கிலோ. ஏமாற்றமாக இருக்கும், ஆனால் கணக்கு இதுதான். மீதி அந்த வருஷத்துத் தீவனம், தட்பவெப்பம், அதிர்ஷ்டம், மரபாகக் கடக்காத அவளுடைய தனிக்குணம்.

மூன்று ஈத்துகளின் சராசரியும் 1,000 கூடுதலாகவே நின்றால் நம்பிக்கை கூடும். ஈத்துக்கு ஈத்து பால் ஒத்துப்போகும் அளவை 0.45 என்று வைத்து, (3 × 0.25) ÷ (1 + 2 × 0.45) என்று போட்டால் 0.395 வரும். அவளுடைய மரபு மதிப்பு சுமார் 395 கிலோ, மகளுக்கு 197. ஒரே ஈத்தைப் பார்த்து மாட்டைக் கொண்டாடவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம் என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

ஃபேட்டில் கை இன்னும் பலமானது. கூட்டாளிகளைவிட 1 புள்ளி அதிகம் உள்ள மாட்டுக்கு, மரபுத்திறன் 0.5 என்பதால், ஒரே ஈத்தில் 0.5 புள்ளி மரபு என்று கொள்ளலாம், மகளுக்கு 0.25. ஃபேட் குறைந்த வீடு மரபு வழியில் சீக்கிரம் தேறுவது இதனால்தான்.

ஐந்து மாடு உள்ள வீட்டில் தாயைத் தேர்ந்தெடுக்க அதிக இடம் இல்லை. வருஷத்துக்குப் பிறக்கும் இரண்டு மூன்று கிடாரியையும் வைத்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும். ஆகவே முன்னேற்றத்தின் பெரும்பகுதி குச்சி வழியாகத்தான் வரும்.

இனமும் ரத்தப் பங்கும், கடற்கரை வெயிலும்

ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் இனம்) பாலில் கொழுப்பு 3.5 அளவில், ஜெர்சியில் 4.5 முதல் 5 வரை, சாகிவால், கிர் போன்ற நாட்டுக் கறவை இனங்களில் 4.5 அளவில், முர்ரா எருமையில் 7 அளவில். கலப்பில் ஃபேட் ஏறக்குறைய நடுவில் வந்து நிற்கும். நாட்டு மாட்டுக்கும் ஜெர்சிக்கும் பிறந்த, 4.6 தரும் மாட்டுக்கு ஹெச்.எஃப். குச்சி போட்டால் மகளின் ஃபேட் 4.1 பக்கம் எதிர்பாருங்கள். லிட்டர் மட்டும் நடுவைத் தாண்டி மேலே போகும். கலப்பு வீரியம் என்பது அது. முதல் கலப்பில் அந்த வீரியம் முழுதாக இருக்கும். கலப்பின மாட்டுக்குக் கலப்பினக் காளையையே சேர்த்தால் அடுத்த தலைமுறையில் பாதி கரைந்துவிடும். ஊர்ப் பொலிகாளைக்கு விட்டுப் பிறந்த கன்றுகள் தாயைவிடக் குறைவாகக் கறப்பது பலருக்கும் புதிராகத் தோன்றுவது இதனால்தான்.

ரத்தப் பங்கு என்பது மாட்டில் அயல் இன ரத்தம் எத்தனை சதவீதம் என்பது. அதன் கணக்கு எளிது: தாயின் பங்கையும் காளையின் பங்கையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். நாட்டு மாடு × ஜெர்சி = 50 சதவீதம். அதற்கு மறுபடி ஜெர்சி = 75. 50 சதவீத மாட்டுக்கு 75 சதவீதக் காளை = 62.5. சமவெளிக்கு 50 முதல் 62.5 வரை என்று வல்லுநர்கள் நிறுத்தச் சொல்வது சும்மா இல்லை. கடலூர்க் கரையில் 32 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு சாதாரணப் பகலுக்கு வெப்ப-ஈரக் குறியீடு 85 வரும். கறவை மாட்டுக்குச் சிரமம் தொடங்கும் அளவு 72. ஹெச்.எஃப். ரத்தம் ஏற ஏற உடம்புச் சூடு கூடும், மாடு தின்பது குறையும், பால் இறங்கும், சினை தங்காது. மின்விசிறி, நீர்த்தெளிப்பு, நாள் முழுதும் குடிநீர், அளவான பசுந்தீவனம் நாலும் உள்ள பண்ணையில் 75 சதவீதத்தைத் தாங்கலாம். பாகூர் வயல் கரையில் தென்னை நிழலில் கட்டிப்போடும் மாட்டுக்கு அது தண்டனை.

ஏற்கெனவே 75-க்கு மேல் ஏறிவிட்ட மாடு இருந்தால் மறுபடி ஹெச்.எஃப். போடாதீர்கள். ஜெர்சிக் கலப்பினக் காளை, அல்லது சாகிவால், கிர் குச்சி. 75 சதவீத ஹெச்.எஃப். மாட்டுக்கு கிர் போட்டால் மகள் 37.5, லிட்டர் குறையும், ஃபேட்டும் தாங்கும் சக்தியும் ஏறும். வேண்டுமானால் அந்த மகளுக்கு ஜெர்சி போட்டு ஏற்றிக்கொள்ளலாம்.

பெயர் தெரிந்த சில மரபணுக்கள்

பால் அளவை ஆயிரக்கணக்கான மரபணுக்கள் துளித்துளியாகத் தீர்மானிக்கின்றன. சில மட்டும் தனியாகக் கண்ணில் படும் அளவுக்குப் பெரியவை. அவற்றில் முதலாவது 14-ஆம் குரோமோசோமில் உள்ள டிகாட்-1. 2002-இல் இதன் வேறுபாடு கண்டறியப்பட்டது. கொழுப்பு மூலக்கூறைக் கட்டி முடிக்கும் கடைசி வேலை இந்த மரபணு தரும் நொதியுடையது. அதன் 232-ஆம் இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் இருந்தால் ‘கே’ வடிவம், அலனின் இருந்தால் ‘ஏ’ வடிவம். ஹெச்.எஃப். மாடுகளில் ஒவ்வொரு ‘கே’ பிரதிக்கும் ஃபேட் சுமார் 0.3 புள்ளி ஏறும்; ஈத்துக்குப் பால் 100 முதல் 300 கிலோ இறங்கும். நம் நாட்டு மாடுகளிலும் எருமைகளிலும் ஏறக்குறைய எல்லாமே ‘கே’ வடிவம்தான். ஆகவே நாட்டு மாட்டுக்கு இந்தச் சோதனை செய்வது வீண் செலவு; கலப்பின மாட்டில்தான் விடை இரண்டு விதமாக வரும். 20-ஆம் குரோமோசோமில் உள்ள வளர்ச்சி ஹார்மோன் ஏற்பி மரபணுவின் ஒரு வடிவம் பாலைக் கூட்டிப் புரதச் சதவீதத்தைக் குறைக்கும். அதே குரோமோசோமில்தான் ‘ஸ்லிக்’ எனப்படும் குட்டை மயிர்க் குணமும் இருக்கிறது. கரிபியன் பகுதியின் செனிபோல் இனத்திலிருந்து ஹெச்.எஃப்.-க்குள் கொண்டுபோய், வெப்பம் தாங்கும் ஹெச்.எஃப். மாடுகளை உருவாக்கியிருக்கிறார்கள்.

6-ஆம் குரோமோசோமில் கேசீன் என்ற பால் புரதத்தின் நாலு மரபணுக்களும் பக்கத்துப் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. புதுச்சேரியில் அடிக்கடி கேட்கும் ‘ஏ2 பால்’ இங்கே வருகிறது. பீட்டா கேசீனின் 67-ஆம் இடத்தில் புரோலின் இருந்தால் ஏ2, ஹிஸ்டிடின் இருந்தால் ஏ1. நாட்டு இனங்களில் பெரும்பாலும் ஏ2; எருமையில் முழுக்க ஏ2; ஜெர்சி, ஹெச்.எஃப். இரண்டிலும் இரண்டு வடிவமும் உண்டு. ஆகவே கலப்பின மாடு என்றாலே ஏ1 என்று தள்ளுவதும் தவறு, திமில் இருந்தால் ஏ2 என்று விற்பதும் தவறு. ஏ1-ஏ2 மாட்டின் பாலில் இரண்டு புரதமும் இருக்கும். அதற்கு ஏ2-ஏ2 காளை போட்டால் கன்றுகளில் பாதி சுத்தமான ஏ2. லிட்டருக்கோ ஃபேட்டுக்கோ இதனால் குறிப்பிடத்தக்க லாபம் இல்லை. உடல்நலப் பெருமைகளும் இன்னும் தீராத வழக்கு. வாங்குபவர் கூடுதல் விலை தந்தால் மட்டும் செலவு செய்யலாம்.

கப்பா கேசீன் ‘பி’ வடிவம் அப்படியில்லை. ரென்னெட் (சீஸுக்காகப் பாலை உறையவைக்கும் நொதி) ஊற்றினால் பால் சீக்கிரம் உறையும், கட்டி இறுகும், சீஸ் சற்று அதிகம் கிடைக்கும். ஆரோவில் பக்கம் சீஸ் செய்பவர்களுக்குப் பால் ஊற்றுபவருக்கு இது காசு. வீட்டுத் தயிர் புளிப்பால் உறைவது. அங்கே இந்த வித்தியாசத்தைத் தேட வேண்டாம். இன்னொன்று: ஜெர்சிப் பால் மஞ்சளாக இருப்பது கரோட்டினால். நிறத்தைப் பார்த்து ஃபேட் சொல்லாதீர்கள். எருமைப் பால் வெள்ளைவெளேர், அதன் ஃபேட் இரட்டிப்பு.

குச்சியைக் கையில் வாங்கிப் படிப்பது

நம் ஊரில் பயன்படும் உறைவிந்துக் குச்சி 0.25 மில்லி. அதன் மேல் இனம், காளையின் எண், தயாரித்த தேதி, நிலையத்தின் அடையாளம் அச்சிட்டிருக்கும். ஊசி போடுபவர் கலனைத் திறக்கும்போதே "சார், காளை நம்பர் சொல்லுங்க" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போட்ட பிறகு வெற்றுக் குச்சியை வாங்கி நோட்டில் ஒட்டிவிடுவது இன்னும் நல்லது. எண் தெரியாத குச்சியால் ஒரு தலைமுறை இருட்டில் போய்விடும். தகப்பன் காளையின் குச்சியே அவன் மகளுக்கு விழுந்தால் கன்றின் உள்ரத்தக் கலப்பு 25 சதவீதம். பால் குறையும், கன்று நோஞ்சானாகும், மறைந்திருக்கும் குறைபாடுகள் வெளியே வரும். ஹெச்.எஃப். காளைகளை பிளாட், சிட்ரலினீமியா போன்ற குறைபாடுகளுக்குச் சோதிப்பது அதற்காகத்தான். தரச்சான்று பெற்ற நிலையத்தின் குச்சியில் இந்தச் சோதனை முடிந்திருக்கும்.

காளை விவரத்தில் முதலில் "தாயின் பால் 6,000 கிலோ" என்றுதான் கண்ணில் படும். அதில் மயங்க வேண்டாம். தாயின் மரபு மேன்மையில் பாதி காளைக்கு, அதில் பாதி உங்கள் கன்றுக்கு: கால் பங்கு. அதுவும் அந்தப் பண்ணையின் தீவனத்தில் கறந்த பால். அதைவிடப் பெரிய சாட்சி மகள்கள். பல பண்ணைகளில் மகள்கள் கறந்ததை வைத்து மதிப்பிட்ட காளையின் குச்சி கிடைத்தால், தாயின் பால் குறைவாக இருந்தாலும் அதை எடுங்கள். மகள்களின் கணக்கு வர ஐந்தாறு வருஷம் ஆகும் என்பதால், இப்போது மரபணுச் சில்லு (பல மரபணுக் குறிகளை ஒரே தடவையில் படிக்கும் சோதனைத் தகடு) வைத்துக் கன்றாக இருக்கும்போதே மதிப்பிடுகிறார்கள். இந்திய மாடுகளுக்கான ‘கௌ சிப்’பும் எருமைகளுக்கான ‘மஹிஷ் சிப்’பும் 2024 அக்டோபரில் வெளியிடப்பட்டன. ஆனால் ஒரு சில்லின் மதிப்பு, அதன் பின்னால் எத்தனை மாடுகளின் பால் நோட்டு இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

தேர்வு இப்படிப் போகட்டும். உங்கள் மாட்டின் எடையிட்ட ஃபேட் 3.5-க்குக் கீழே, லிட்டர் போதும் என்றால் ஜெர்சி, அல்லது ஃபேட் சதவீதத்தில் மேலே உள்ள கலப்பினக் காளை. ஃபேட் 4.3-க்கு மேல், லிட்டர் போதவில்லை, நிழலும் தீவனமும் உண்டு என்றால், கொழுப்பும் புரதமும் கிலோ கணக்கில் அதிகம் தரும் ஹெச்.எஃப். கலப்பினக் காளை. எஸ்.என்.எஃப். மட்டும் குறை என்றால் முதலில் மடியும் தீவனமும். அவை சரியாக இருந்தும் குறைந்தால் புரதச் சதவீதத்தில் மேலே உள்ள காளை. முதல்முறை சினைக்குப் போகும் கிடாரிக்கு ஹெச்.எஃப். குச்சி போடும் முன் அவளுடைய இடுப்பு அளவை மருத்துவரிடம் காட்டுங்கள். ஜெர்சிக் கன்று சிறிது, ஈற்று எளிது.

பெண் கன்றுக் குச்சியில் சுமார் 90 சதவீதம் கிடாரி பிறக்கும். அதில் உயிரணு எண்ணிக்கை சாதாரணக் குச்சியைவிட மிகக் குறைவு என்பதால், நன்றாகப் பருவம் காட்டும் கிடாரிக்கும் இளம் மாட்டுக்கும் மட்டும் போடுங்கள். உங்களிடம் உள்ள சிறந்த மாட்டுக்கு இதையும், சுமாரான மாட்டுக்குச் சாதாரணக் குச்சியையும் போட்டால் தாய் வழித் தேர்வும் கொஞ்சம் கைக்கு வரும்.

எந்தக் குச்சியானாலும் 37 டிகிரி நீரில் 30 விநாடி உருக்கி, துடைத்துவிட்டு உடனே போட வேண்டும். குழாய்த் தண்ணீரில் நனைத்து, சட்டைப் பையில் வைத்து உருக்கிய குச்சியில் எவ்வளவு உயர்ந்த மரபு இருந்தாலும் பயனில்லை. காலையில் பருவம் தெரிந்தால் மாலையில், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில்.

மரபணுச் சோதனைக்கு மாதிரி

கலப்பினக் கிடாரி ஏ2 தானா, தகப்பன் உண்மையில் அந்தக் காளைதானா என்று பார்க்க மயிர் போதும். வால் குஞ்சத்தில் சாணம் ஒட்டாத இடத்தில் 20 முதல் 30 மயிரைப் பிடுங்க வேண்டும்; வெட்டினால் வேர் வராது, மரபணு வேரில்தான் இருக்கிறது. காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், ஐப்பசியில் கேட்கவே வேண்டாம். ஒரு மாட்டுக்கு ஒரு உறை, மேலே 12 இலக்க எண். எங்கே அனுப்புவது, எந்தச் சோதனைக்கு என்ன கட்டணம் என்பதைக் குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ உங்கள் மருத்துவமனையிலோ முன்கூட்டியே கேட்டுவிட்டு மயிரைப் பிடுங்குங்கள்.

மகள் தலை ஈத்து ஈன்றதும் அதே தேதி, அதே தராசு. முதல் மூன்று மாத எழுத்தை வைத்துக்கொண்டு காளையைப் பற்றி முடிவு கட்டாதீர்கள். ஒரு காளையின் ஒரே மகள் எதையும் சொல்ல மாட்டாள், ஏனென்றால் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த சகோதரிகளுக்குள்ளேயே மரபு சீட்டுக்கட்டுபோலக் கலைந்து வரும். தெருவில் அதே எண் குச்சிக்குப் பிறந்த கிடாரிகள் நாலைந்து இருந்தால் அவற்றின் பக்கங்களை ஒன்றாக வைத்துப் பாருங்கள். அதற்கு நாலைந்து வீட்டிலும் காளை எண் எழுதியிருக்க வேண்டும். கொட்டகைச் சுவரில் கரியால் எழுதிவைத்த எண்கள் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.